கடைசிச் சமவுயரக் கோடு

கொலராடோ ஆற்றின் பழைய வரைபடத் தாள் ஒன்றில் இருக்கும் வெற்றிடம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1921இல் கிளென் கேன்யன் பகுதியில் நடத்திய ஆற்று அளவீட்டிலிருந்து பிறந்த தாள் அது. நடுவில் ஆறு வளைந்து வளைந்து போகிறது. இரு கரைகளிலும், ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் 20 அடிக்கு ஒன்றாக நெருங்கி நெருங்கி மேலே ஏறுகின்றன. கிளைப் பள்ளத்தாக்கு ஒவ்வொன்றுக்குள்ளும் அவை நுழைந்து, அதன் அடி வரை போய், மறுகரை வழியாகத் திரும்பி வருகின்றன. பாறைச் சுவர் இன்னும் எவ்வளவோ உயரம் போகும் என்று பார்ப்பவருக்கே தெரிகிற இடத்தில் கோடுகள் நின்றுவிடுகின்றன. அதற்கு மேலே காகிதத்தின் நிறம்தான்.

நான் தேடிப்போனது அந்தத் தாளை அல்ல. தேடியது விஷ்ணுவை. சில ஆண்டுகளுக்கு முன் கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் நின்றபோது, எதிரே பள்ளத்தின் நடுவே கோபுரம்போல் எழுந்து நின்ற ஒரு சிகரத்தின் பெயர் விஷ்ணு கோயில் என்றும், மேற்கே இன்னொன்று சிவன் கோயில் என்றும் அறிந்து திகைத்தேன். அரிசோனாவின் பாலை நிலத்துக்கு இந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்ற கேள்விக்கு விடை எளிதாகவே கிடைத்தது. 1880களின் தொடக்கத்தில் அந்த நிலத்தின் வரலாற்றைப் பாறை பாறையாக எழுதிய புவியியலாளர் கிளாரன்ஸ் டட்டனுக்கு, அடுக்கடுக்காக ஏறிக் கூம்பும் அந்தச் சிகரங்கள் கீழைநாட்டுக் கோயில்களை நினைவூட்டின. அவர் தொடங்கி வைத்த வழக்கத்தைப் பின்வந்தவர்கள் தொடர்ந்தார்கள். விஷ்ணு என்றே பெயரிடப்பட்ட ஒரு வரைபடத் தாள் இருக்கிறது என்று தெரிந்ததும் அதன் மின்படியைத் தரவிறக்கினேன். அங்கிருந்து ஒவ்வொரு தாளாக ஆற்றின் போக்குக்கு எதிரே மேலே சென்றபோது கிளென் கேன்யன் தாளில் வந்து முட்டினேன்.

விளிம்பிலிருந்து பார்த்தவர்

விஷ்ணு தாளை வரைந்தவர் ஃபிரான்சுவா மாத்தெஸ். ஆம்ஸ்டர்டாமில் 1874இல் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர். தென்விளிம்புக்கு ரயில் வந்தது 1901 செப்டம்பரில். மாத்தெஸ் தம் குழுவோடு வேலையைத் தொடங்கியது 1902இல். அதற்கு முன் இருந்த தாள்கள் 1:2,50,000 அளவுத்திட்டத்தில், 250 அடிக்கு ஒரு கோடாக வரையப்பட்டவை. அந்த இடைவெளியில் ஒரு பெரிய ஆலயக் கோபுரமே கோடுகளுக்கு நடுவில் விழுந்து காணாமல் போய்விடும். மாத்தெஸின் தாள்கள் 1:48,000 அளவுத்திட்டத்தில், 50 அடிக்கு ஒரு கோடு கொண்டவை. ஒரு மைல் ஆழமுள்ள பள்ளத்தில் 50 அடிக்கு ஒரு கோடு என்றால், விளிம்பிலிருந்து ஆறு வரை நூற்றுக்கும் மேற்பட்ட கோடுகள். செங்குத்துச் சுவர்களில் அவை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து கரிய பட்டையாகின்றன. மென்மையான பாறை சரிந்து கிடக்கும் படிகளில் மறுபடியும் பிரிந்து மூச்சுவிடுகின்றன. அந்தப் பட்டைகளையும் இடைவெளிகளையும் பழகிக்கொண்டவர், எந்த அடுக்கு சுண்ணாம்புப் பாறை, எந்த அடுக்கு களிப்பாறை என்பதை வண்ணம் எதுவும் இல்லாமலே ஓரளவு சொல்லிவிடலாம்.

அவர் பயன்படுத்தியது பிளேன் டேபிள் என்று சர்வேக்காரர்கள் சொல்லும் வரைபலகை. முக்காலியின் மேல் பலகை. பலகையின் மேல் தாள். தாளின் மேல் தொலைநோக்கி பொருத்திய அளவுகோல். இடம் தெரிந்த ஒரு முனையில் நின்று எதிரே இருக்கும் ஒரு பாறை உச்சியைத் தொலைநோக்கியில் பிடித்து, அந்தத் திசையில் தாளில் கோடு இழுக்க வேண்டும். பிறகு பல மைல் தள்ளி இன்னொரு முனைக்குப் போய் அதே உச்சிக்கு இன்னொரு கோடு இழுக்க வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியே அந்த உச்சியின் இடம். மேலும் கீழுமான கோணத்தை அளந்தால் உயரம் கிடைக்கும். புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் நிலத்தை, அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, அங்கேயே கோடுகளால் நிரப்ப வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிதான் எனக்கு எப்போதும் வியப்பு. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டு வரைந்த படம் அல்ல இது. வெயிலிலும் காற்றிலும் நிலத்தின் முன்னால் நின்று, அதன் ஒவ்வொரு மடிப்பையும் பார்த்துப் பார்த்து வரைந்தது.

பள்ளத்தைக் கடப்பது தனி வேலையாக இருந்தது. வடவிளிம்பின் வேலை முடிந்தபோது 1902 நவம்பர் வந்துவிட்டது. வந்த வழியே சுற்றிக்கொண்டு திரும்பக் காலம் இல்லை. அப்போது பிரைட் ஏஞ்சல் பள்ளத்தாக்கிலிருந்து களைத்துப்போன இரண்டு பேர் ஒரு கழுதையோடு மேலே ஏறி வந்தார்கள். அவர்கள் ஏற முடிந்த வழியில் தாங்கள் இறங்க முடியும் என்று மாத்தெஸின் குழு முடிவுசெய்தது. சில இடங்களில் பொதிவிலங்குகள் பின்புறத்தால் சறுக்கிக்கொண்டே இறங்கின. அடியில் ஓடும் ஓடையை 94 முறை கடந்தார்கள். இன்று ஆயிரக்கணக்கானோர் நடக்கும் வடக்குப் பாதையின் முன்னோடி அந்த இறக்கம்.

மாத்தெஸின் தாளில் நிலம் எங்கும் பாதியில் நிற்பதில்லை. ஒரு விளிம்பில் தொடங்கி மறுவிளிம்பு வரை தொடர்ச்சியாகப் போகிறது. அந்தத் தாளோடு பல வாரங்கள் பழகிய கண்ணோடுதான் நான் கிளென் கேன்யன் தாளைத் திறந்தேன். வெற்றிடத்தைக் கண்டவுடன், பணமோ காலமோ போதாமல் வேலையை நிறுத்திவிட்டார்கள் என்று நானாகவே முடிவுசெய்துகொண்டேன்.

அறியாமையின் வெற்றிடம்

அந்த முடிவுக்கு எனக்கு ஒரு முன்மாதிரியும் இருந்தது. கொலராடோவின் வரைபடங்களில் வெற்றிடம் என்பது பழைய செய்தி. 1857-58இல் லெப்டினன்ட் ஜோசப் ஐவ்ஸ் ஒரு சிறிய நீராவிப் படகில் ஆற்றின் முகத்திலிருந்து மேலே வந்து, பிளாக் கேன்யனில் பாறையில் மோதி, பின்னர் தரைவழியாகக் கிழக்கே போனார். அவரோடு சென்ற எக்லாஃப்ஸ்டைன், மேடுபள்ளங்களை நிழலிட்டுக் காட்டி வரைந்த வரைபடம் 1861இல் வெளிவந்தது. ஒளி ஒரு பக்கத்திலிருந்து விழும் களிமண் மாதிரியைப் பார்ப்பதுபோல் இருக்கும் அந்தப் படத்தில், குழுவின் கால் படாத பகுதிகள் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன. கற்பனை மலைகளால் காகிதத்தை நிரப்பும் பழக்கம் இருந்த காலத்தில் அது ஒரு நேர்மை என்று நான் கருதுகிறேன்.

ஆனால் அந்த வெறுமையும் யாருடைய வெறுமை என்று கேட்க வேண்டும். ஹவாசு பள்ளத்தாக்கில் ஒரு செங்குத்து இறக்கத்தில் தொங்கிய ஏணியில் எக்லாஃப்ஸ்டைன் இறங்க, ஏணி முறிந்து அவர் கீழே விழுந்தார். விழுந்த இடத்துக்கு அப்பால் ஓடை ஓடியது. ஹவாசுபாய் மக்கள் வாழ்ந்தார்கள். பிறகு வீரர்கள் தம் துப்பாக்கி வார்களை முடிச்சிட்டுச் சேர்த்து அவரை மேலே தூக்கினார்கள். அந்த ஏணியை வைத்தவர்களுக்கு அந்த நிலம் ஒருபோதும் வெறுமையாக இருந்ததில்லை. பயனற்ற இந்த இடத்துக்கு வந்த முதல் வெள்ளையர் குழுவும் கடைசிக் குழுவும் தம்முடையதே என்று ஐவ்ஸ் அறிக்கையில் எழுதினார். அடுத்த 11 ஆண்டுகளில் பவல் வந்துவிட்டார்.

போரில் வலக்கையை இழந்த ஜான் வெஸ்லி பவல், 1869 மே 24 அன்று வயோமிங்கின் கிரீன் ரிவரிலிருந்து நான்கு படகுகளில் பத்துப் பேராகப் புறப்பட்டதும், ஆறு பேராக வெளியே வந்ததும் பலரும் சொன்ன கதை. வரைபடத்தின் பக்கமிருந்து பார்த்தால் முக்கியமானது இரண்டாவது பயணம். பவலின் மைத்துனர் ஆல்மன் தாம்சன் கனாப் ஊருக்குத் தெற்கே 9 மைல் நீளத்துக்கு, மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான ஓர் அடிக்கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணங்களாக நிலத்தைக் கட்டினார். எஸ்கலான்டே ஆறு எந்த வரைபடத்திலும் இல்லாத தனி ஆறு என்று 1872இல் கண்டுகொண்டவரும் அவர்தான். முடிந்த படத்தை 1873இன் தொடக்கத்தில், குழுவில் இருந்த, இன்னும் இருபது வயதுகூட நிரம்பாத டெல்லன்பா, தகரக் குழாயில் சுருட்டி வைத்து, பனிக்காலத்தில் குதிரைமேல் சால்ட் லேக் நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நாட்டின் வரைபடத்தில் இருந்த கடைசிப் பெரிய வெற்றிடங்களில் ஒன்று அந்தக் குழாய்க்குள் நிரம்பியது.

ஆகவே 1921இல் அதே நிலத்தில் மறுபடியும் ஒரு வெற்றிடம் இருந்தால், அதுவும் அறியாமையின் மிச்சம்தான் என்று நான் நினைத்தது இயல்பு. அது தவறு.

கோடு நின்ற இடம்

ஒரு மாலையில், வேறு வேலை இல்லாமல், கோடுகள் நின்ற இடங்களில் எழுதியிருக்கும் உயர எண்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். ஆற்றின் இடக்கரையில் ஒன்று. வலக்கரையில் ஒன்று. பல மைல் மேலே, ஒரு கிளைப் பள்ளத்தாக்கின் உள்முனையில் ஒன்று. களைப்பினாலோ பணத்தட்டுப்பாட்டினாலோ நின்ற வேலை என்றால் ஒரு கரையில் உயரமாகவும் மறுகரையில் தாழ்வாகவும், எளிதில் ஏறும் இடத்தில் அதிகமாகவும் கடினமான இடத்தில் குறைவாகவும் நின்றிருக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. ஆறு இறங்கிக்கொண்டே போகிறது. ஆனால் கோடுகளின் முடிவு இறங்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிலத்தில், பல மைல் தூரத்துக்கு, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நுழைந்து திரும்பி, ஒரே மட்டத்தில் நிற்கக்கூடிய பொருள் ஒன்றுதான். தேங்கிய தண்ணீர்.

அந்தத் தாளின் கடைசிக் கோடு ஒரு கரை. அப்போது இல்லாத ஓர் ஏரியின் கரை. சர்வேக்காரர்கள் பள்ளத்தாக்கை வரையவில்லை. பள்ளத்தாக்கில் எவ்வளவு கொள்ளும் என்பதை வரைந்தார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் உள்ளே அடங்கும் பரப்பைக் கணக்கிட்டு, அடுத்த கோட்டுக்கு உள்ள 20 அடியால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் அணையின் கொள்ளளவு வரும். கடைசிக் கோட்டுக்கு மேலே தண்ணீர் ஏறப்போவதில்லை. ஆகவே அங்கே என்ன இருந்தாலும் அந்தக் கணக்குக்குத் தேவையில்லை. எக்லாஃப்ஸ்டைனின் வெற்றிடம் தெரியாது என்று சொன்னது. இந்த வெற்றிடம் தேவையில்லை என்று சொல்கிறது. கோடுகள் இருக்கும் இடமோ அதைவிடக் கடுமையானது. எங்கெல்லாம் இவ்வளவு அக்கறையோடு, இவ்வளவு நுட்பமாக வரைந்திருக்கிறார்களோ, அதெல்லாம் மூழ்கக்கூடிய இடம்.

இது யாரும் மறைத்துவைத்த செய்தியல்ல. கொலராடோவின் நீரைப் பங்கிடும் உடன்படிக்கை 1922இல் கையெழுத்தானது. அணை எங்கே கட்டுவது என்ற வாதம் நாடெங்கும் நடந்தது. அளவீடுகளின் நோக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. தாளைப் பார்க்கத் தெரியாதவன் நான்தான். என்றாலும், ஒரு நிலத்தை அன்போடு உற்றுப் பார்ப்பதும் அதை மூழ்கடிப்பதற்காக உற்றுப் பார்ப்பதும் காகிதத்தில் ஒரே மாதிரி இருக்கின்றன என்பது என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

ஆற்றோடு போனவர்கள்

வரைந்தவர்கள்மேல் கோபப்பட முடியுமா என்று பார்க்க, அதே நிறுவனம் கிராண்ட் கேன்யனில் ஆற்றை அளக்க நடத்திய 1923ஆம் ஆண்டுப் பயணத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கக் கோபம் குறைந்தது. நிறுவனத்தின் தலைமை நிலவரைபடப் பொறியாளர் கிளாட் பேர்ட்சை தலைமையில், ஆகஸ்ட் 1 அன்று, கிளென் கேன்யனுக்குக் கீழே உள்ள பழைய படகுத்துறையான லீஸ் ஃபெரியிலிருந்து மரப்படகுகள் புறப்பட்டன. வரைபலகை பர்ச்சர்டின் பொறுப்பு. தலைமைப் படகோட்டி எமரி கோல்ப். அளவுக்கம்பு பிடித்தவர் ஃபிராங்க் டாட்ஜ். நீர்ப்பொறியாளர் லா ரூ அணைக்கட்டுக்கு ஏற்ற இடங்களைத் தேடினார். ரேமண்ட் மூர் பாறைகளைப் பார்த்தார். தொலைநோக்கிக்குள் இருக்கும் இரண்டு நுண்ணிய கிடைக்கோடுகளுக்கு நடுவே, எதிரே பிடித்த அளவுக்கம்பில் எத்தனை அடி தெரிகிறதோ, அதை 100ஆல் பெருக்கினால் தூரம். கம்பு பிடிப்பவர் வழுக்கும் பாறையில் தாவிப் போய் நிற்க, வரைபவர் படித்துக் குறிக்க, இருவரும் மறுபடி நகர, இப்படியே நூற்றுக்கணக்கான மைல்கள்.

அவர்களிடம் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. ஜனாதிபதி ஹார்டிங் இறந்த செய்தியை அவர்கள் பள்ளத்தாக்கின் அடியிலிருந்தே கேட்டார்கள். செப்டம்பர் நடுவில் பாறைகளில் மோதி ஆறு சீறிப் பாயும் இடங்களில் ஒன்றான லாவா பேரருவிப் பாய்ச்சலுக்கு அருகே முகாமிட்டிருந்தபோது, எங்கோ மேலே பெய்த மழையால் ஆறு இரவோடு இரவாகச் சுமார் 20 அடி உயர்ந்தது. இருட்டில் படகுகளை மேலே மேலே இழுத்துக் கட்டினார்கள். வெளியுலகம் அவர்கள் செத்துவிட்டதாகவே அஞ்சியது. அவர்களின் தாளில் நிலத்துக்கு 20 அடிக்கு ஒரு கோடு. ஆற்றின் மேற்பரப்புக்கோ 5 அடிக்கு ஒரு கோடு. தண்ணீரின் மட்டத்தை 5 அடிக்கு 5 அடி பிடித்துவைக்க வந்தவர்களுக்கு முன்னால் அந்தத் தண்ணீரே 20 அடி எழுந்து நின்ற இரவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வெள்ளம் வடிந்ததும் அவர்கள் வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அக்டோபரில் கலிஃபோர்னியாவின் நீடில்ஸ் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். லீஸ் ஃபெரியைச் சுழியமாக வைத்து அவர்கள் எண்ணிய மைல்களால்தான் இன்றும் படகோட்டிகள் ஒவ்வொரு பாய்ச்சலையும் மணல்திட்டையும் குறிக்கிறார்கள்.

அவர்கள் அளந்த பல இடங்களில் அணை எழவில்லை. லா ரூ லீஸ் ஃபெரிக்கு 4 மைல் மேலே ஓர் அணை வேண்டும் என்று வாதாடித் தோற்று, 1927இல் நிறுவனத்தை விட்டே போனார். முதலில் எழுந்தது கீழே பிளாக் கேன்யனில், இன்றைய ஹூவர் அணை. ஆனால் அவர் சுட்டிய கிளென் கேன்யனின் முறையும் வந்தது. லீஸ் ஃபெரிக்குச் சுமார் 15 மைல் மேலே, 710 அடி உயரத்தில் ஓர் அணை எழுந்தது. 1963 மார்ச்சில் கதவுகள் அடைக்கப்பட்டன. 1980இல் நீர் 3,700 அடி என்ற முழு மட்டத்தைத் தொட்டது. அந்தப் பள்ளத்தாக்குக்கு கிளென் கேன்யன் என்று பெயர் வைத்தவர் பவல். அதை மூழ்கடித்த ஏரிக்கு வைத்த பெயர் பவல் ஏரி. இந்தப் பெயரை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கோபம் குறைந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டு விமானத்திலிருந்து லேசர் கொண்டு கிராண்ட் கேன்யனில் ஆற்றின் மேற்பரப்பை அளந்தார்கள். அதை 1923ஆம் ஆண்டின் 5 அடிக் கோடுகளோடு ஒப்பிட்டு, 2005இல் முடிவு வெளிவந்தது. பாய்ச்சல்களின் தலைப்பகுதி சராசரியாகக் கால் மீட்டர் அளவு உயர்ந்திருந்தது. கிளை ஓடைகள் திடீர் மழையில் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. முன்பு வசந்தகாலப் பெருவெள்ளம் அவற்றைப் புரட்டித் தள்ளிவிடும். அணை அந்த வெள்ளத்தைப் பிடித்துவைத்துக்கொண்டதால், பாறைகள் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. பர்ச்சர்டும் டாட்ஜும் அரையும்குறையுமாக அளந்திருந்தால் இந்தக் கால் மீட்டர் யாருக்கும் தெரிந்திருக்காது. அணைக்காக எடுத்த அளவு, அணை ஆற்றுக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லும் சாட்சியாகிவிட்டது.

கிளென் கேன்யன் தாளுக்கும் இப்போது வேறொரு வேலை வந்திருக்கிறது. 2000 முதல் நீடிக்கும் வறட்சியில் ஏரி இறங்கிக்கொண்டே வந்து, 2023இன் தொடக்கத்தில் முழு மட்டத்துக்குச் சுமார் 180 அடி கீழே நின்றது. சிவந்த பாறைச் சுவர்களில் நீர் இருந்த உயரம் வரை சுண்ணாம்பு படிந்த வெள்ளைப் பட்டை. எஸ்கலான்டே பக்கத்துக் கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றில், பாலைவனத்துப் பேராலயம் என்று அழைக்கப்பட்ட பாறைக் கூடம் 2005இல் ஒருமுறை வெளிவந்து, மீண்டும் மூழ்கி, மீண்டும் வெளிவந்திருக்கிறது. நீர் விலகிய இடங்களில் வண்டல் பல அடி ஆழத்துக்குக் கிடக்கிறது. ஓடைகள் அதை அறுத்துக்கொண்டு பழைய தரையைத் தேடுகின்றன. 1963க்கும் 2018க்கும் இடையே ஏரியின் கொள்ளளவில் 7 சதவீதத்துக்குச் சற்றே குறைவாக வண்டல் எடுத்துக்கொண்டுவிட்டது. பழைய தரை எங்கே இருந்தது, எந்த வளைவில் மணல்திட்டு இருந்தது என்று பார்க்க விரும்புகிறவர்கள் திறப்பது, அதை மூழ்கடிப்பதற்காக வரைந்த தாள்களைத்தான்.

அந்தத் தாளில் ஒரு பகுதியைப் பெரிதாக அச்சிட்டு மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். 3,700 என்ற கோட்டைச் சிவப்புப் பென்சிலால் தடவினேன். 180 அடி என்றால் 20 அடிக்கு ஒன்றாக ஒன்பது கோடுகள். மேலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு கீழே வந்து, ஒன்பதாவதில் பென்சிலை நிறுத்தினேன். அதற்குக் கீழே, ஆறு வரை, இன்னும் நிறையக் கோடுகள் தண்ணீருக்குள் இருக்கின்றன.